சுடும் விளையாட்டுகள் இளைஞரைக் கவர்வது ஏன்?

மாலை ஐந்து மணிக்குத் தோட்ட மண்டபத்தின் படிக்கட்டுகளில் ஐந்தாறு பையன்கள் வரிசையாக அமர்ந்திருப்பதை இன்று நாம் எங்கும் காணலாம். ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்ப்பதில்லை. எல்லாருடைய பார்வையும் கையிலுள்ள தொலைபேசியிலேயே பதிந்திருக்கும். ஆயினும் அவர்கள் தனித்தனியே இருக்கிறார்கள் என எண்ணிவிடக் கூடாது. “கூரை மேல ஒருத்தன் இருக்கான்”, “மரத்துக்குப் பின்னால போடா”, “என்னைத் தூக்கிவிடுடா, சீக்கிரம்!” என்று ஓயாத பேச்சு நடந்துகொண்டிருக்கும். அவர்கள் அனைவரும் ஒரே தீவில், ஒரே குழுவாக, துப்பாக்கி ஏந்தி ஓடிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் நின்று பார்க்கும் தாய்க்கோ தந்தைக்கோ அந்தத் தீவு தெரிவதில்லை. துப்பாக்கிச் சத்தம் மட்டுமே கேட்கிறது. எத்தனையோ வகை விளையாட்டுகள் இருக்கும்போது இந்தப் பிள்ளைகள் சுடுவதையே ஏன் தேடிப் போகிறார்கள் என்ற கவலை எழுவது இயல்பே.

இக்கேள்விக்கு நம் மக்களிடையே இரண்டு விடைகள் வழங்கி வருகின்றன. பிள்ளைகளின் மனத்தில் வன்முறை புகுந்துவிட்டது என்பது ஒன்று. காலம் கெட்டுவிட்டது என்பது மற்றொன்று. இரண்டும் கவலையைக் காட்டுகின்றனவேயன்றிக் காரணத்தைக் காட்டவில்லை. சுடும் விளையாட்டுகளின் செல்வாக்கு பெரிது என்பதில் ஐயமில்லை. 2003ஆம் ஆண்டில் தொடங்கிய ‘கால் ஆஃப் டூட்டி’ என்னும் வரிசை மட்டும் 2021ஆம் ஆண்டுக்குள் 40 கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்றதாக அதன் வெளியீட்டாளர்கள் அறிவித்தனர். அதே சமயம், உலகில் மிக அதிகமாக விற்ற விளையாட்டுகளுள் ‘டெட்ரிஸ்’, ‘மைன்கிராஃப்ட்’ ஆகியவை இடம்பெற்றிருக்கின்றன என்பதையும் நாம் மறத்தலாகாது. முன்னது கட்டைகளை அடுக்குவது, பின்னது வீடு கட்டுவது. ஆகவே, சுடுவதைத் தவிர வேறெதுவும் இளைஞர்க்குப் பிடிக்கவில்லை என்று கூறுவதற்கு இடமில்லை. சுடுவதில் தனியான ஒரு கவர்ச்சி இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதே நாம் ஆராய வேண்டியது.

குறி பார்க்கும் இன்பம் மின்சாரத்துக்கு முந்தியது. மாமரத்தில் கல்லெறியாத சிறுவன் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கோலி விளையாட்டின் உயிரே தொலைவிலுள்ள ஒரு சிறு உருண்டையை மற்றோர் உருண்டையால் தொடுவதுதான். பெற்றோரில் பலர் தம் இளமையில் கொய்யாக் கவட்டையில் ரப்பர்ப் பட்டையைக் கட்டி ‘லாஸ்திக்’ செய்து, ரப்பர்க் கொட்டைகளையே குண்டுகளாக்கி டப்பாக்களை வீழ்த்தியவர்கள்தாம். தினைப்புனத்தில் கவண்கல் வீசிக் கிளி ஓட்டிய மகளிரைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. கைக்கு எட்டாத ஒன்றை, இருந்த இடத்திலிருந்தே தொட்டுவிட முடிகிறது என்ற உணர்வில் மனிதனுக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. பட்டதா படவில்லையா என்பது அடுத்த நொடியே தெரிந்துவிடுகிறது. பிறரிடம் கேட்டறிய வேண்டிய தேவையே இல்லை.

வணிகர்கள் இதனை வெகு முன்பே அறிந்திருந்தனர். கேளிக்கைச் சந்தைகளில் காற்றுத் துப்பாக்கியால் பலூன் உடைக்கும் கூடாரத்துக்கு என்றுமே கூட்டம் குறைந்ததில்லை. 1936ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சீபர்க் நிறுவனம் ஒளிக்கதிரைப் பாய்ச்சும் துப்பாக்கி ஒன்றை அமைத்தது. நகரும் வாத்துப் பொம்மையில் பொருத்தியிருந்த ஒளியுணர் குழாயில் அக்கதிர் பட்டால் வாத்து வீழ்ந்ததாகக் கணக்கு. 1966ஆம் ஆண்டில் ஜப்பானின் சேகா நிறுவனம் ‘பெரிஸ்கோப்’ என்னும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. நீர்மூழ்கிக் கப்பலின் குழாயைப் போன்ற ஒன்றில் கண்ணை வைத்து, அட்டைக் கப்பல்களை நோக்கி ஒளிக் குண்டுகளை விடுவது அது. கணினித் திரை பொதுமக்கள் கைக்கு வருமுன்பே சுடும் விளையாட்டு அதற்காகக் காத்திருந்தது எனலாம்.

கணினியில் உருவான மிகப் பழைய விளையாட்டுகளுள் ஒன்றும் சுடும் விளையாட்டாகவே அமைந்தது வியப்பன்று. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் அவருடைய நண்பர்களும் ‘ஸ்பேஸ்வார்’ என்பதை எழுதினர். நடுவில் ஒரு விண்மீன். அதன் ஈர்ப்பில் சிக்காமல் சுற்றிவரும் இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட வேண்டும். ஆனால், ஊரெங்கும் இந்த மோகத்தைப் பரப்பியது 1978ஆம் ஆண்டில் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆகும். அதனைப் படைத்தவர் தொமோஹிரோ நிஷிகாடோ. வரிசைக்கு 11 வீதம் ஐந்து வரிசைகளில் 55 வேற்றுலக உயிரினங்கள் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து கீழிறங்கும். அவை தரையைத் தொடுமுன் சுட்டு வீழ்த்த வேண்டும்.

இவ்விளையாட்டில் இரண்டு செய்திகள் நம் கவனத்துக்குரியவை. முதலாவது, நிஷிகாடோ தொடக்கத்தில் மனித உருவங்களையே இலக்காக வரைந்து பார்த்தார். மனிதரைச் சுடுவது தகாது என்று நிறுவனத்தார் கருதியதால், எண்காலியையும் நண்டையும் ஒத்த உருவங்கள் அவ்விடத்தைப் பெற்றன. விளையாட்டின் கவர்ச்சியோ சிறிதும் குறையவில்லை. இரண்டாவது, எதிரிகள் குறையக் குறைய எஞ்சியவை விரைந்து நகரத் தொடங்கும். இது திட்டமிட்டு அமைத்ததன்று. 55 உருவங்களையும் வரைய அந்நாளைய கணிப்பொறிச் சில்லு திணறியது. உருவங்கள் குறைந்தபோது சுமை குறைந்து வேகம் கூடிற்று. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். வெற்றியை நெருங்க நெருங்க ஆபத்தும் நெருங்குகிறது என்ற அந்தப் பதைப்பு, நான்கே சுரங்களால் ஆன தாளம் விரைவதோடு சேர்ந்துகொண்டு, விளையாடுபவனின் நெஞ்சைப் பற்றிக்கொண்டது. பின்னாளில் வந்த சுடும் விளையாட்டுகளில் இந்தப் பதைப்பு இல்லாதது அரிது. (இவ்விளையாட்டினால் ஜப்பானில் 100 யென் நாணயத்துக்கே பஞ்சம் வந்ததாக ஒரு கதை உண்டு. கேட்பதற்குச் சுவையான கதை, சான்று இல்லை.)

கணினிக்கு எளிதானது எது?

பிள்ளைகள் சுடுவதை விரும்புகிறார்கள் என்பது ஒருபுறமிருக்க, கணினியும் சுடுவதையே விரும்புகிறது என்று கூறினால் வாசகர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் அதில் உண்மை உண்டு.

ஒரு விளையாட்டை அமைப்பவர், திரைக்குள் இருக்கும் உலகத்தோடு விளையாடுபவன் எவ்வாறு உறவாடுவான் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஒருவரோடு பேசி அவர் மனத்தை மாற்றுவது, கைகுலுக்குவது, நோயாளிக்கு ஆறுதல் கூறுவது ஆகியன நமக்கு எளியவை; கணினிக்கு மிகக் கடினம். எதிரிலுள்ளவர் என்ன பதில் கூறுவார், அவர் முகம் எப்படி மாறும் என்பதையெல்லாம் முன்கூட்டி எழுதி வைக்க வேண்டும். சுடுவதோ ஒரே கேள்வியில் முடிந்துவிடுகிறது. துப்பாக்கி நோக்கும் திசையில் ஒரு நேர்க்கோட்டைக் கற்பனையாக இழுத்து, அக்கோடு முதலில் எதைத் தொடுகிறது என்று கணினி கணக்கிடுகிறது. சுவரைத் தொட்டால் சுவரில் துளை. எதிரியைத் தொட்டால் அவன் வீழ்வான். கண்ணிமைக்கும் நேரத்தில் பலமுறை செய்து முடிக்கத்தக்க கணக்கு அது.

திரையின் இயல்பும் இதற்கு ஒத்துழைக்கிறது. திரை தட்டையானது. அதில் தோன்றும் ஒரு கோப்பை எவ்வளவு தொலைவில் இருக்கிறது, அதைக் கையால் எடுப்பது எப்படி என்பது தெளிவாகத் தெரியாது. ஆனால் அது எந்தத் திசையில் இருக்கிறது என்பது ஐயமின்றித் தெரியும். குறி பார்ப்பதற்குத் திசை ஒன்றே போதும். திரையின் நடுவில் ஒரு சிறு சிலுவைக் குறியை வைத்து, இலக்கு அதன்மேல் வரும்வரை திருப்பினால் போதுமானது. குழந்தைகூட விரல் நீட்டித்தான் உலகத்தைக் காட்டக் கற்றுக்கொள்கிறது. சுடும் விளையாட்டைச் சொல்லிக் கொடுக்க வேண்டிய தேவை எழாததற்கு இதுவே காரணம். பையன் பொத்தானை அழுத்தினான்; ஏதோ நிகழ்ந்தது; விளங்கிவிட்டது.

இந்த நடுக்குறியைக் கண்ணின் இடத்தில் கொண்டுபோய் வைத்த விளையாட்டு, உலகின் போக்கையே மாற்றியது. 1993ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ‘இட் சாஃப்ட்வேர்’ என்னும் சிறு நிறுவனம் ‘டூம்’ என்பதை வெளியிட்டது. ஜான் கார்மாக் கணக்கு வழிகளை எழுதினார். ஜான் ரோமெரோ அரங்குகளை அமைத்தார். அதற்கு முந்தைய ஆண்டில் அவர்களே வெளியிட்ட ‘வோல்ஃபென்ஸ்டைன்’ இதற்கு வழிகாட்டியாக இருந்தது. டூம் விளையாட்டில் நாம் ஒரு பொம்மையை மேலிருந்து பார்த்து நடத்துவதில்லை. திரையே நம் கண். கீழே தெரிவது நம் கை. கதவுக்குப் பின்னால் உறுமல் கேட்டால், கேட்பது நம் காது. விளையாடுபவனுக்கும் விளையாட்டுக்கும் இடையே இருந்த ‘அவன்’ மறைந்து ‘நான்’ வந்துவிட்டேன் என்பதே அதன் புதுமை.

அதன் முதற்பகுதியை இலவசமாக வழங்கினார்கள் என்பதும் குறிப்பிடத்தக்கது. யாரும் படியெடுத்து யாருக்கும் தரலாம். பிடித்திருந்தால் எஞ்சிய பகுதிகளுக்குப் பணம் அனுப்பலாம். கணினிகளைக் கம்பியால் இணைத்து நால்வர் வரை ஒருவரோடொருவர் மோதவும் வழி இருந்தது. எதிரி இயந்திரமாக இருந்த வரையில் ஒருநாள் அதன் தந்திரமெல்லாம் தெரிந்துபோகும். எதிரி பக்கத்து மேசையில் இருக்கும் தோழன் என்றானபின் தந்திரங்களுக்கு முடிவே இல்லாமற் போயிற்று. ஜெர்மனியில் 1994ஆம் ஆண்டில் இளையோர்க்கு ஒவ்வாதவற்றின் பட்டியலில் டூம் சேர்க்கப்பட்டு, 2011ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. இவ்விளையாட்டுகளோடு அச்சமும் உடன்பிறந்தே வந்தது என்பதற்கு இது சான்று.

கைத்திறனும் கண்கூர்மையும்

பால்மரம் வெட்டப் பழகும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். முதல் வாரத்தில் கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் படுகிறது. அல்லது மேலோடு போய்ப் பால் வடிவதில்லை. சில மாதங்கள் கழித்து, அதே கை இருட்டு விலகாத காலையில் தலைவிளக்கின் வெளிச்சத்தில் பட்டையை மெல்லிய சீவலாக எடுக்கிறது. எவ்வளவு ஆழம் என்று கேட்டால் அவரால் கூற இயலாது, கை அறிந்திருக்கிறது. கை கற்றுக்கொள்வதில் உள்ள இந்த நிறைவே சுடும் விளையாட்டின் மையம் என்று நாம் கருதுகிறோம். நேற்று தவறிய குறி இன்று படுகிறது. சென்ற மாதம் தன்னை வீழ்த்தியவனை இந்த மாதம் இவன் வீழ்த்துகிறான். பள்ளியில் ஒரு பாடத்தில் முன்னேறியதை அறிய ஆண்டிறுதித் தேர்வு வரை காத்திருக்க வேண்டும். இங்கே ஒரு நாளில் நூறு முறை விடை கிடைக்கிறது.

அந்த விடையை இனிமையாக்குவதில் விளையாட்டு அமைப்போர் காட்டும் அக்கறை அளவற்றது. குண்டு பட்டவுடன் ஒரு சிறு ‘டிக்’ ஒலி, நடுக்குறியில் ஒரு மின்னல், கையில் லேசான அதிர்வு. தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கருவிகளில், குறி எதிரியின் அருகே வரும்போது அசைவைத் தானாகவே மெதுவாக்கிக் கொடுக்கும் உதவியும் மறைவாக உண்டு. பையன் தன் திறமையால் சுட்டதாகவே எண்ணுவான். பாதி திறமை அவனுடையது, மீதி கணினியுடையது.

அப்படியானால் இரத்தம் தெறிப்பதில் இவர்களுக்கு இன்பம் இல்லையா? இதனை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டில் பிரிசிபில்ஸ்கி, ரிக்பி, ரயன் ஆகிய உளவியல் அறிஞர்கள் சில ஆய்வுகளின் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றில், ‘ஹாஃப்-லைஃப் 2’ என்னும் சுடும் விளையாட்டையே இரண்டு விதமாக அமைத்தனர். ஒன்றில் எதிரி இரத்தம் சிந்தி வீழ்வான். மற்றொன்றில், தொட்டு விளையாட்டில் ஆட்டமிழந்தவனைப் போல் மெல்ல மிதந்து மறைந்துவிடுவான். இரண்டையும் ஆடியவர்கள் அடைந்த இன்பத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தம் திறமை வளர்கிறது என்ற உணர்வும், தாமே முடிவெடுக்கிறோம் என்ற உணர்வுமே இன்பத்துக்குக் காரணமாயின. 2023ஆம் ஆண்டில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் இதனைக் கண்டோம். அங்கே ‘பப்ஜி மொபைல்’ பதக்கத்துக்குரிய போட்டியாக இடம்பெற்றது. ஆனால் போட்டியாளர்கள் ஒருவரையொருவர் சுடாமல், வழியிலுள்ள இலக்குகளைச் சுட்டு முன்னேறும்படி அது மாற்றி அமைக்கப்பட்டிருந்தது. நிண்டெண்டோ நிறுவனத்தின் ‘ஸ்பிளட்டூன்’ விளையாட்டில் 2015ஆம் ஆண்டு முதல் பிள்ளைகள் துப்பாக்கியால் மையைத்தான் பீய்ச்சுகிறார்கள். அதற்கும் கூட்டம் குறைவில்லை.

கண்ணுக்கு இதனால் ஓரளவு நன்மையும் உண்டு என்று கண்டறிந்துள்ளனர். 2003ஆம் ஆண்டில் ஷான் கிரீன், டாஃப்னி பவேலியர் என்னும் இருவர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், விளையாடிப் பழக்கமில்லாதவர்களைப் பத்து நாள், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், சுடும் விளையாட்டு ஆட வைத்தனர். மற்றொரு குழுவினர் டெட்ரிஸ் ஆடினர். முதற்குழுவினருக்கு ஒரே பார்வையில் பல பொருள்களைக் கவனிக்கும் ஆற்றல் கூடியிருந்தது. இதனைக் கேட்டவுடன் பிள்ளைகள், “பார்த்தீங்களாம்மா!” என்று கிளம்பிவிடுவார்கள். கூர்ந்து நோக்கும் கண் வேறு, கணக்குப் பாடத்தில் ஒரு மணி நேரம் மனத்தை நிறுத்தும் பொறுமை வேறு. முன்னது வளர்ந்தால் பின்னதும் வளரும் என்று அந்த ஆய்வு கூறவில்லை.

கூட்டாளிகள்

படிக்கட்டுப் பையன்களை மறுபடியும் எண்ணிப் பார்த்தால், அவர்களைப் பிடித்து வைத்திருப்பது துப்பாக்கியைவிடத் தோழமையே என்பது விளங்கும். இத்துறையில் ‘கவுன்டர்-ஸ்டிரைக்’ ஒரு மைல்கல். மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்னும் இரு இளைஞர்கள் 1999ஆம் ஆண்டில் பிறரது விளையாட்டு ஒன்றை மாற்றியமைத்து இலவசமாக வெளியிட்டது அது; மறு ஆண்டில் வால்வ் நிறுவனம் அதனை முறையாக வெளிக்கொணர்ந்தது. நம் நகர்களில் இணைய மையங்கள் பெருகிய நாள்களில் பள்ளிச் சீருடையோடு இளைஞர்கள் வரிசை பிடித்து நின்றது பெரிதும் இதற்காகத்தான். அதில் ஒரு கடுமையான விதி உண்டு. சுடப்பட்டவன் அந்தச் சுற்று முடியும்வரை எழ முடியாது; எஞ்சிய தோழர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இதனால் உயிருக்கு ஒரு மதிப்பு உண்டாயிற்று. காத்திருப்பவன் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான். ஒருவன் மட்டும் எஞ்சி நிற்கும்போது, வீழ்ந்த நால்வரும் அவன் முதுகுக்குப் பின்னால் மூச்சடக்கி நின்றார்கள். காற்பந்தில் தண்ட உதை எடுக்கும் ஆட்டக்காரனுக்குக் கிடைக்கும் கவனம், திடலில் ஒருபோதும் பந்தைத் தொட்டறியாத ஒரு பையனுக்கு இங்கே கிடைத்துவிடுகிறது.

2017ஆம் ஆண்டில் வேறொரு வகை வந்தது. அயர்லாந்துக்காரரான பிரெண்டன் கிரீன் தென்கொரிய நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து அமைத்த ‘பப்ஜி’யில், நூறு பேர் வானூர்தியிலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். எவரிடமும் ஆயுதம் இல்லை. வீடுகளில் தேடி எடுக்க வேண்டும். ஆடுகளத்தின் எல்லை சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் எஞ்சுபவரே வெற்றியாளர். இதில் தோல்வியை விழுங்குவது எளிதாகிவிட்டது என்பதே நம் கருத்து. இருவர் மோதினால் தோற்றவன் தோற்றவன்தான். நூறு பேரில் 99 பேர் தோற்கும்போது, ஏழாவதாக வந்தவன் தலைகுனிய வேண்டியதில்லை. நல்ல துப்பாக்கி கிடைத்திருந்தால் வென்றிருப்பேன் என்று அதிர்ஷ்டத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு மறுபடியும் குதிக்கலாம். நம் பக்கத்து நாடான சிங்கப்பூரின் கரீனா நிறுவனம் அதே ஆண்டில் வெளியிட்ட ‘ஃப்ரீ ஃபயர்’ இதனை இன்னும் சுருக்கியது. ஐம்பது பேர், ஏறத்தாழப் பத்து நிமிடம், விலை குறைந்த கைத்தொலைபேசியிலும் ஓடும், கட்டணமும் இல்லை. கணினியும் விளையாட்டுக் கருவியும் வாங்க வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளிடம் அது பரவியதில் வியப்பென்ன? 2022ஆம் ஆண்டு ஹனோயில் நடைபெற்ற தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் அதற்கும் பதக்கம் வழங்கப்பட்டது.

இலவசம் என்றால், நிறுவனம் எதைக் கொண்டு வாழ்கிறது? சட்டை, தொப்பி, துப்பாக்கிக்கு வண்ணம் ஆகியவற்றை விற்றுத்தான். இவற்றுட் பல ஆட்டத்தில் வலிமை தருவதில்லை. அழகு மட்டுமே தருகின்றன. ஆனால் குழுவில் நால்வர் புத்தாடை அணிந்திருக்க, ஒருவன் மட்டும் தொடக்கநாள் உடையோடு நிற்பது தீபாவளியன்று பழைய சட்டையோடு நிற்பதைப் போன்றது. அந்த வெட்கத்தின் மேல்தான் இவ்வணிகம் நடக்கிறது. சில விளையாட்டுகளில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே வாங்க வேண்டும். பெல்ஜியம் 2018ஆம் ஆண்டில் அத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே முடிவு செய்தது. ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம், பிள்ளைகளின் விவரங்களைச் சேகரித்ததற்காகவும், பொத்தான்களை மயக்கும்படி வைத்து வேண்டாத பொருள்களை வாங்கச் செய்ததற்காகவும், 2022ஆம் ஆண்டில் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு மொத்தம் 52 கோடி டாலர் செலுத்த இணங்கியது. பெற்றோர் துப்பாக்கிச் சத்தத்துக்கு அஞ்சுகிறார்கள். சத்தமில்லாமல் நடக்கும் இந்த வேலைக்குத்தான் நாம் அதிகம் அஞ்ச வேண்டும்.

வன்முறை பற்றிய கேள்வியையும் நாம் ஒதுக்கிவிட முடியாது. 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பைன் உயர்நிலைப்பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது, சுட்ட மாணவர் இருவரும் டூம் ஆடியவர்கள் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. அதன்பின் ஆய்வுகள் பெருகின. அமெரிக்க உளவியல் சங்கம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட தீர்மானம் இரண்டையும் கூறுகிறது. கத்துவது, தள்ளுவது போன்ற சிறு முரட்டுத்தனங்களோடு இவ்விளையாட்டுகளுக்குச் சிறிய தொடர்பு உண்டு. ஆனால் கொடிய வன்செயல்களுக்கு இவையே காரணம் என்று கூறப் போதிய சான்று இல்லை. பிரிட்டனில் 14, 15 வயதுடைய ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகளையும் அவர்களைப் பராமரிப்போரையும் வினவி 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, அந்தச் சிறு தொடர்பையும் காணவில்லை. அறிஞர்களிடையே இன்னும் கருத்து வேற்றுமை இருக்கிறது.

நம் வீடுகளில் நாம் காணும் ஒரு காட்சிக்கு மட்டும் விளக்கம் கிடைத்திருக்கிறது. ஆட்டத்தின் நடுவே பையன் பல்லைக் கடிக்கிறான், தொலைபேசியை மெத்தையில் வீசுகிறான், தங்கையிடம் எரிந்து விழுகிறான். சுட்டுச் சுட்டு மனம் முரடாகிவிட்டது என்று பாட்டி கூறுகிறார். 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள், வன்முறையே இல்லாத விளையாட்டிலும், விசைகள் சரியாக இயங்காதபடி செய்தால் ஆடுபவர்க்குச் சினம் ஏறுகிறது என்று காட்டின. கற்ற கை செயற்பட முடியாமற் போகும்போது எழும் சினம் அது. தோட்டப்புறத்தில் இணையத் தொடர்பு நலிந்து, குறி பார்த்த கணத்தில் திரை உறைந்து நிற்க, மறுகணம் தான் சுடப்பட்டுக் கிடப்பதைக் காணும் பையனின் நிலை அதுதான். பாட்டி அவன் கையிலுள்ள துப்பாக்கியைக் குறை கூறுகிறார். அவனோ அலைபரப்புக் கோபுரத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறான்.

நேரம் பற்றிய கவலையோ முற்றிலும் நியாயமானது. உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஏற்ற நோய்ப் பட்டியலில், விளையாட்டுக்கு அடிமையாதல் ஒரு கோளாறாகச் சேர்க்கப்பட்டு, 2022ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. நாளொன்றுக்கு இத்தனை மணி நேரம் என்று அது அளவு கூறவில்லை. தன்னால் நிறுத்த இயலாமை, பிற கடமைகளைவிட விளையாட்டே முதன்மையாதல், கேடு நேர்வது தெரிந்தும் தொடர்தல் ஆகியவை ஏறத்தாழ ஓர் ஆண்டுக்காலம் நீடித்து, படிப்பையும் குடும்பத்தையும் பாதித்தால் அது நோய். விடுமுறையில் மூன்று மணி நேரம் ஆடிவிட்டு, அழைத்தவுடன் எழுந்து வரும் பிள்ளை நோயாளியல்லன். ஒரு மணி நேரமே ஆடினும், அதற்காகப் பள்ளிக்குப் போகாமல் ஒளிபவனைப் பற்றி நாம் அக்கறை கொள்ள வேண்டும். மருந்தகத்திலோ பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ தயங்காமல் பேசலாம்.

வீட்டில் செய்யத்தக்கவை சில உண்டு. தொலைபேசியில் தகப்பனாரின் வங்கி அட்டை எண்ணைப் பதிந்து வைத்திருந்தால் இன்றே நீக்கிவிட வேண்டும். விளையாட்டு இறக்கப்படும் பக்கத்தில் வயது குறிக்கப்பட்டிருக்கும். பத்து வயதுப் பிள்ளையின் கையில் பதினாறு வயதுக்குரியது இருக்கிறதா என்று பார்ப்பது கடினமன்று. அந்நியர் குரல் பிள்ளையின் காதில் விழாதபடி, தெரிந்த தோழர்களோடு மட்டும் பேசும்படி அமைக்கவும் பல விளையாட்டுகளில் வழி இருக்கிறது. பிள்ளையையே அதைச் செய்து காட்டச் சொல்லலாம். காட்டும்போது அவனுக்கு வரும் பெருமிதத்தையும் நாம் காணலாம்.

இன்னொன்று, பெரும்பாலான பெற்றோர் அறியாதது. பழைய விளையாட்டுகளைப் போல் இவற்றை நடுவில் நிறுத்தி வைக்க இயலாது. எதிரில் இருப்பவர்கள் உண்மையான மனிதர்கள். நம் பையன் எழுந்துபோனால் அவனுடைய மூன்று தோழர்கள் ஆளில்லாமல் தோற்பார்கள். “இப்பவே வை!” என்ற கட்டளைக்கு அவன் பணிய மறுப்பது பல சமயங்களில் தாயை மதியாமையால் அன்று, கூட்டாளிகளைக் கைவிட மனமில்லாமையால்தான். ஆகவே ‘அரை மணி’ என்று பேசுவதைவிட ‘இரண்டு ஆட்டம்’ என்று பேசி முடிவு செய்வது இருவருக்கும் எளிது. ஃப்ரீ ஃபயரில் ஓர் ஆட்டம் பத்து நிமிடம். பப்ஜியில் அரை மணி வரை போகும். சோற்றை எப்போது வடிப்பது என்பதை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.